ஒரு மணிக்கு எங்கள் காலேஜ் வண்டி ஸ்டாண்டு

வடசென்னையில் இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரி ஒன்றில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு மதிய ஷிப்ட். விடிகாலையில் அப்பா காசிமேடு மீன் ஏலத்துக்கு எடுத்துப் போகும் டிவிஎஸ் எக்ஸ்எல் பதினொரு மணிக்கு வீடு திரும்பும். கூடை கட்டிய கயிற்றை அவிழ்த்து, பின்னால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு அதில்தான் காலேஜ் வருகிறேன். வீட்டுக்குச் சோறு போடுகிற வண்டி அது. அதை யாரை நம்பி விடுகிறேன் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஸ்டாண்டில் காசு வாங்குவதில்லை. இடமும் போதும், நாலு மணிக்கு வந்து பார்த்தால் பாதி காலியாகக் கிடக்கும். சிக்கலெல்லாம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரைதான். காலை ஷிப்ட் முடிந்து போகிறவர்களும் மதிய ஷிப்டுக்கு வருகிறவர்களும் ஒரே கேட்டில் முட்டிக்கொள்வார்கள். போகிறவன் வண்டியை எடுத்தால்தான் வருகிறவனுக்கு இடம். வருகிறவன் வழியிலேயே நிறுத்திவிட்டால் போகிறவன் எப்படி எடுப்பான்?

போன வருடம் முழுக்க இந்த அரை மணி நேரத்தைச் சமாளித்தவர் வாட்ச்மேன் அண்ணன் ஒருவர். யார் எப்போது கிளம்புவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். "தம்பி, நீ ஆறு மணிக்குத்தானே போவ? உள்ளாற சுவரோரமா போடு. சைடு ஸ்டாண்டு வேணாம்" என்பார். சென்டர் ஸ்டாண்டு போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், இரண்டு வண்டி இடத்தில் மூன்று அடங்கும். ஹேண்டில் லாக் போட விடமாட்டார். பூட்டினால் நகர்த்த முடியாதே. பூட்டாமல் விட்டும் ஒரு நாள்கூட எனக்குப் பெட்ரோல் குறைந்ததில்லை.

இந்த வருடம் அவரை ராத்திரி டியூட்டிக்கு மாற்றிவிட்டார்கள். பகலில் வாரத்துக்கு ஒரு ஆள் வருகிறார். ஐடி கார்டு பார்ப்பதோடு சரி.

ஸ்டாண்டில் பாதிதான் சிமெண்ட் தரை, மீதி மண். ஐப்பசி மழையில் ஒரு நாள், சைடு ஸ்டாண்டு போட்டிருந்த புல்லட்டின் கால் மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. அதோடு வரிசையாக ஏழு வண்டி. என் வண்டியில் கண்ணாடி நொறுங்கி, பிரேக் லீவர் வளைந்துபோனது. மறுநாள் அப்பா அந்த வளைந்த லீவரோடுதான் காசிமேடு போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. ஆபீசில் கேட்டதற்கு, வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்ற போர்டைக் காட்டினார்கள்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, திருவொற்றியூர்ப் பக்கத்து நண்பர்கள் பலர் வண்டி எடுப்பதில்லை. சாயங்காலம் ஐஸ் பெட்டி ஏற்றிப் போக வேண்டியிருப்பதால் எனக்கு அது ஒத்துவராது.

அந்த அரை மணி நேரம் மட்டும் பின் கேட்டைத் திறந்துவிட்டு, போகிறவர்களை அந்த வழியாக அனுப்பலாம். மண்ணில் இரண்டு லோடு ஜல்லி கொட்டலாம். முக்கியமாக, அண்ணனைப் பகலுக்குக் கொண்டுவர வேண்டும். இப்போதைக்கு இந்த ஸ்டாண்டுக்கு நான் போடும் மார்க் ஐந்துக்கு இரண்டு. அவர் இருந்திருந்தால் நாலரை.

போன வாரம் நான் கிளம்பும்போது அவர் அப்போதுதான் டியூட்டிக்கு வந்திருந்தார். புதுக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மண்ணுல போடாதன்னு சொன்னேனே தம்பி" என்றார்.