எட்டு வருடத்தில் மூன்று முறை வீடு மாறிய டர்ன்டேபிளும் வால்வு ஆம்பும்

வேலை நிமித்தமாக எட்டு வருடத்தில் மூன்று முறை நாட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குக் குடிபெயர்ந்திருக்கிறேன். மூன்று முறையும் சாமான்கள் லாரியில்தான் போயின, ஒவ்வொரு முறையும் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல். கட்டிலும் பீரோவும் எப்படிப் போய்ச் சேர்ந்தாலும் சமாளித்துவிடலாம். என் கவலையெல்லாம் ஒரு டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி), ஒரு வால்வு ஆம்ப் (வால்வு எனும் கண்ணாடிக் குழல்களால் ஒலியைப் பெருக்கும் கருவி), ஒரு ஜோடி ஸ்பீக்கர், கிதார், கீபோர்டு, இருநூறு சொச்சம் இசைத்தட்டுகள், பிறகு வருடக்கணக்கான பதிவுகள் இருக்கும் ஹார்டு டிஸ்குகள் பற்றித்தான்.

முதல் முறை பேக்கிங் ஆட்களிடமே எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கீழே விழுந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் பயம். அவர்களும் ஆம்பை ஏழெட்டுச் சுற்று பபிள் ரேப்பில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டினார்கள். போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் ஒரு நசுங்கல்கூட இல்லை. சந்தோஷமாகத் தூக்கினேன். உள்ளே கலகலவென்று சத்தம். பிரித்துப் பார்த்தால், நான்கு பவர் வால்வுகளில் இரண்டு சாக்கெட்டிலிருந்து கழன்று கிடந்தன. ஒன்று கூண்டுக் கம்பியில் மோதி உடைந்து, கண்ணாடித் தூள் ஆம்பின் உலோகச் சட்டம் முழுக்கச் சிதறியிருந்தது.

பெட்டி எங்கேயும் விழவில்லை. இரண்டு நாள் சாலை அதிர்விலேயே வால்வுகள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக் கழன்றுவிட்டன. அன்றைக்கு எனக்குப் புரிந்தது: கருவியை வெளியிலிருந்து எவ்வளவு சுற்றினாலும், அதற்குள்ளேயே ஆடக்கூடிய பாகத்தை அடக்காமல் விட்டால் பிரயோஜனமில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறையும் முதலில் கருவிக்குள் என்ன ஆடும் என்று பார்த்து அதைச் சரிசெய்துவிட்டுத்தான் பெட்டியைப் பற்றி யோசித்தேன்.

ஆம்பில் இப்போதெல்லாம் வால்வுகளை ஆறவிட்டுக் கழற்றி, எந்தச் சாக்கெட் என்று ஒவ்வொன்றிலும் சிறு சீட்டில் எண் எழுதி, தனித்தனியாக ஃபோமில் சுற்றி என் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். மாட்டும்போது அதே இடத்தில் அதே வால்வு போகும். ஆம்பின் எடையில் பெரும்பகுதி டிரான்ஸ்பார்மர்களில் இருப்பதால் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு கெட்டியான ஃபோம் கொடுப்பேன். தூக்குபவர் ஏமாறக் கூடாது என்பதற்காக, கனமான பக்கம் எது என்று மேலேயே கொட்டை எழுத்தில் எழுதிவிடுகிறேன்.

டர்ன்டேபிள்தான் ரொம்ப நேரம் எடுக்கும். பிளாட்டரை, அதாவது இசைத்தட்டை வைக்கும் சுழலும் கனமான வட்டை, அதன் இடத்திலேயே விட்டு அனுப்பினால், ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் எடை நேராக அச்சின் பேரிங்கில் இடிக்கும். அதனால் அதைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுழற்றும் சில டைரக்ட் டிரைவ் மாடல்களில் மோட்டாரின் காந்தம் பிளாட்டரின் அடியிலேயே இருக்கும், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 அந்த வகைதான். என்னுடையதும் அப்படியே. இரண்டாவது முறை பிரித்தபோது பிளாட்டரின் அடியில், காந்த வளையத்தோடு ஒட்டிக்கொண்டு சின்ன ஆணி ஒன்று இருந்தது. அப்படியே மாட்டியிருந்தால் உள்ளே மோட்டாரின் கம்பிச் சுருளை உரசிக் கீறியிருக்கும். அன்றிலிருந்து பிளாட்டரைச் சுத்தமான துணிப்பையில் போட்டு வாயைக் கட்டிவிடுகிறேன்.

ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் பின்முனையில் சமநிலைக்காக இருக்கும் எடையை, அதாவது கவுன்டர்வெயிட்டை, கழற்றியாக வேண்டும். அது பின்னால் தொங்கிக்கொண்டு ஆடினால் அடி வாங்குவது டோன்ஆர்மின் நுண்ணிய பேரிங்குகள்தான். ஆர்மை அதன் கொக்கியில் பூட்டி, மேலே பருத்தி நாடாவால் ஒரு கட்டு. ரப்பர் பேண்ட் போடாதீர்கள், வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும். ஆர்மின் முன்முனையான ஹெட்ஷெல்லை, ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜோடு கழற்றி ஊசிக்கு மூடி போட்டுச் சின்ன டப்பாவில் வைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. டர்ன்டேபிள் ஸ்பிரிங்கில் தொங்கும் ரகமாக இருந்தால், வாங்கும்போது கூட வந்த போக்குவரத்துத் திருகுகளைத் தேடிப்பிடித்து முடுக்க வேண்டும். புது வீட்டில் எல்லாவற்றையும் மாட்டியதும் ஆர்மை மறுபடி சமநிலைக்குக் கொண்டுவந்து, ஊசி அழுத்தத்தை அளந்து வைக்க அரைமணி நேரம் ஆகும். பழைய எண் அப்படியே சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

பெட்டிகளுக்கு வருகிறேன். முதல் அனுபவத்துக்குப் பிறகு டர்ன்டேபிளுக்கும் கீபோர்டுக்கும் ஃப்ளைட் கேஸ் எனும் கெட்டியான பயணப் பெட்டி செய்துகொண்டேன். ப்ளைவுட் பலகை, ஓரமெல்லாம் அலுமினியம், மூலைக்கு உருண்டை இரும்பு, வண்ணத்துப்பூச்சிப் பூட்டு. ஏழு வருடத்தில் இரண்டு ரிவெட் தளர்ந்தது, ஒரு சக்கரம் மாற்றினேன், அவ்வளவுதான். பலகை இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. வெட்கக்கேடு உள்ளே இருந்த ஃபோமில்தான். மெத்தென்ற பாலியூரித்தேன் ஃபோம் அது. ஈரப்பதமான ஊரில் கேஸை மூடியே வைத்திருந்தேன். ஆறாவது வருடம் திறந்தபோது ஃபோம் பிசுபிசுவென்று கரைந்து, கீபோர்டின் கறுப்புக் கட்டைகளில் தார் போல ஒட்டியிருந்தது. ஈரத்துணியில் சுரண்டிச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் பிடித்தது. இப்போது இரண்டு கேஸிலும் கெட்டியான பாலிஎத்திலீன் ஃபோம். அது அவ்வளவு மெத்தென்று இருக்காது, ஆனால் உதிராது, கனமான பொருள் அமுக்கினாலும் பள்ளம் விழாது. கேஸ் வாங்குகிறவர்கள் பூட்டையும் சக்கரத்தையும் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே என்ன ஃபோம் என்று கேளுங்கள்.

ஹார்டு டிஸ்குகளுக்கும் மைக்குகளுக்கும் காற்றுப் புகாத கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கிறது. மலைப்பாதை வழியாகப் போய்ச் சமவெளியில் இறங்கியதும் மூடி திறக்கவே மறுத்தது. உடைந்துவிட்டதோ என்று பதறினேன். பெட்டியின் முன்பக்கம் இருந்த சின்னக் காற்றுத் திருகைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று காற்று உள்ளே போய் மூடி இலகுவாகத் திறந்தது. டிஸ்குகள் பிழைத்தன. அப்படியும் நகல் எடுக்காமல் எந்த டிஸ்கையும் நகர்த்த மாட்டேன், ஒரு பிரதி லாரியில் போனால் மற்றது என்னோடு வரும். விமானத்தில் போனால் உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 100 வாட்-அவருக்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை.

கிதாருக்குத் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, கழுத்துக்கு அடியிலும் தலைப்பகுதியைச் சுற்றியும் துணி அடைத்து அனுப்பினேன். மூன்று முறையும் சேதமில்லை. இசைத்தட்டுகளை நிமிர்த்திதான் அடுக்க வேண்டும், படுக்கவைத்தால் அடியில் இருப்பவை வளையும். பெரிய பெட்டியில் நிரப்பிவிட்டால் தூக்க முடியாது, ஐம்பது ஐம்பதாகப் பிரித்தேன். வெயிலில் நிற்கும் லாரிக்குள் வினைல் இளகிவிடும் என்பதால் அவற்றை மட்டும் என் காரில் வைத்துக்கொண்டேன். வழியில் நிறுத்தும்போதெல்லாம் நிழல் தேடியதில் பயணம் நீண்டது, பரவாயில்லை.

ஸ்பீக்கர் விஷயத்தில் ஒரு மனக்குறை இன்னும் இருக்கிறது. இரண்டாவது முறை ஒரு ஸ்பீக்கரின் மூலை நொறுங்கி வந்தது. ஏற்றும்போது நான் படம் எடுக்கவில்லை, இறக்கிய அன்றே புகாரும் எழுதவில்லை, மூன்று நாள் கழித்துதான் பெட்டியைப் பிரித்தேன். நஷ்டஈடு கிடைக்கவில்லை. மூன்றாவது முறை ஒவ்வொரு கருவியையும் ஓடும் நிலையில் வீடியோ எடுத்து, சீரியல் எண்ணையும், கட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து, லாரி ஆட்கள் நிற்கும்போதே பெட்டிகளைத் திறந்து பார்த்தேன்.

ஆனால் திறந்த கையோடு மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். குளிரில் கிடந்த கருவி கதகதப்பான அறைக்குள் வந்ததும் உள்ளே ஈரம் பூக்கும். நான் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுகிறேன்.

அடுத்த வருடம் மறுபடி மாறவேண்டி வரலாம். ஸ்பீக்கர்களுக்கும் ஃப்ளைட் கேஸ் செய்ய அளவெடுத்து வைத்திருக்கிறேன். ஃபோமுக்காகச் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் கூடுதல், ஒலி எழுப்ப அதிரும் கூம்பான கோனுக்கு முன்னால் மட்டும் எதுவும் தொடாதபடி குழி வெட்டச் சொல்லியிருக்கிறேன்.