எங்கள் வார்டு பகுதி சபைக் கூட்டம்: ரிட்டயர்டு கேஷியர் போடும் மார்க்

ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் ஸ்டார் போடுகிறோம். சொத்து வரி கட்டி வாங்குகிற சேவைக்கு ஏன் போடக் கூடாது? அதனால் இது எங்கள் வார்டில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்தைப் பற்றிய விமர்சனம். எந்த ஊர், எந்த வார்டு என்று சொல்லப்போவதில்லை. கவுன்சிலரும் நானும் ஒரே கடையில்தான் காய்கறி வாங்குகிறோம்.

தெரியாதவர்களுக்கு: கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரத்துக்குப் பகுதி சபை. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் உறுப்பினர்கள், கவுன்சிலர் தலைவர். தமிழ்நாட்டில் இது 2010-லேயே சட்டத்தில் ஏறிவிட்டது. ஆனால் விதிகள் வந்தது 2022 ஜூனில்தான். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. சென்னையை அடுத்த பம்மலில் நடந்ததில் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலினே கலந்துகொண்டார். 

முதலில் ஏற்பாடுகள். தகவல் சொல்வது மோசம். முதல் நாள் ராத்திரி குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும், அதுவும் கோணலாக. கூட்டம் அங்கன்வாடியில், வேலை நாளில், காலை 11 மணிக்கு. வேலைக்குப் போகிறவர்கள் யார் வர முடியும்? வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போல பென்ஷன் வாங்குகிறவர்கள். நாற்காலி போதும், மைக் வேண்டியதில்லை. கவுன்சிலருடைய கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவ்வப்போது காதில் ஏதோ சொல்கிறார். அந்தப் பெண்ணுக்கு அது தேவையே இல்லை, அவருக்குத்தான் தேவை போலிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சமீபத்துக் கூட்டத்தில் எங்கள் தெரு சாலையைப் பற்றிப் பேச்சு வந்தது. தார் போடப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் என்னவோ சரியாகப் படவில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுசைக் கொட்டிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு காலத்தில் மூன்று படி ஏற வேண்டும், இப்போது ஒன்றுதான் மிச்சம். மற்ற இரண்டும் தாருக்கு அடியில் இருக்கின்றன. பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், வீடுகள் பள்ளத்துக்குப் போகக் கூடாது என்று 2021 மே மாதத்திலேயே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்துப்பூர்வமாகச் சொல்லியிருந்தார். உத்தரவு இருக்கிறது, சரி. தெருவுக்கு வந்து சேர வேண்டாமா?

எழுந்து சொன்னேன். உதவிப் பொறியாளர், "லெவல் பார்த்துத்தாம்மா போடுவோம்" என்றார். அவ்வளவுதான், அடுத்த ஆள் என்று போய்விடுவார்கள் என்று நினைத்தேன். கவுன்சிலர் விடவில்லை. "ஏன் அப்படித் தோணுதும்மா? எதையாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தான் இந்தச் சேவைக்கு நான் போடும் மார்க்கில் பெரும்பகுதி. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கேஷ் கவுன்டரில் இருந்தவள் நான். நோட்டுக் கட்டை எண்ணும்போது கள்ள நோட்டு வந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று அந்த நொடியில் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் "விரல் சொன்னது" என்று யாருடைய நோட்டையும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியையும் பாதுகாப்பு இழையையும் பார்க்க வேண்டும். கள்ள நோட்டுதான் என்றால் முத்திரை குத்தி, கொண்டுவந்தவருக்கு ஒப்புகை ரசீது தர வேண்டும். ஒரே ஆளிடம் ஒரே தடவையில் 4 வரை என்றால் மாதக் கடைசியில் போலீசுக்கு மொத்தமாக அறிக்கை போகும், 5 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக எஃப்.ஐ.ஆர். விரல் சந்தேகப்பட்டு, பார்த்தால் நல்ல நோட்டாக இருந்ததும் உண்டு. சட்டைப் பையோடு துவைத்து இஸ்திரியும் போட்ட நோட்டு அப்படித்தான் ஏமாற்றும்.

கவுன்சிலர் கேட்டதும் யோசித்தேன், சட்டென்று பிடிபட்டது. முந்தின வாரம் பால் வாங்கப் போகும்போது ஒரு கொத்தனார் பாதாளச் சாக்கடை மூடியைச் சுற்றிச் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டிருந்தார். பார்த்தேன், அப்படியே தாண்டிப் போய்விட்டேன். ஆனால் மனசு அதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. சாலையைச் சுரண்டிப் பழைய மட்டத்துக்கே போடுவதாக இருந்தால் மூடியை எதற்கு உயர்த்த வேண்டும்? இதைச் சொன்னதும் உதவிப் பொறியாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நாளில் பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் மெஷின் வந்தது. என் வீட்டு ஒற்றைப் படி இன்னும் வெளியே இருக்கிறது.

அதே கூட்டத்தில் இன்னொன்று. முக்கு வீட்டுக்காரர் எழுந்து, அவர் தெருவில் வாடகைக்கு இருக்கும் வடமாநிலப் பையன்களைக் காலி பண்ண வைக்க வேண்டும் என்றார். கவுன்சிலர் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். "என்னத்தப் பார்க்கணும்? ஆளுங்களப் பார்த்தாலே மனசுக்குத் தெரியுது" என்றார் இவர். சண்டை போட்டார்களா, குடித்துவிட்டுக் கத்தினார்களா, குப்பையை ரோட்டில் போட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் கவுன்சிலர். ஒன்றுமில்லை. "அப்ப இது மினிட்ஸ்ல ஏறாது சார்." மனிதர் கோபித்துக்கொண்டு டீ குடிக்காமலே போய்விட்டார். எனக்கு வந்ததும் உள்ளுணர்வு, அவருக்கு வந்ததும் உள்ளுணர்வுதான். உள்ளே இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெண்கள் தனியாகப் போகும்போது ஒரு ஆட்டோ சரியில்லை என்று பட்டால் ஏற வேண்டாம், காரணம் தேட வேண்டியதில்லை. என் மகளுக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அடுத்தவர் வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது அது போதாது.

அந்தப் பையன்கள்தான் எங்கள் தெருவில் தார் போட்டவர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் பெயர் இங்குள்ள வாக்காளர் பட்டியலில் இல்லை, எனவே சபையில் உறுப்பினர்கள் இல்லை. தங்களைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் அவர்களால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வாக்காளர் அட்டையை மாற்றாமல் வாடகைக்கு வந்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் இதே கதிதான். விதியிலேயே இருக்கும் ஓட்டை இது, கவுன்சிலரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னும் குறைகள் உண்டு. பகுதிப் பிரதிநிதிகளை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். எங்கள் பகுதிக்கு வந்தவர் நல்ல மனிதர், ஆனால் கட்சிக் கொடி இல்லாத அவருடைய பைக்கை நான் பார்த்ததில்லை. சபை கேட்கலாம், எது முதலில் வேண்டும் என்று வரிசை போட்டுக் கொடுக்கலாம். ஆனால் பணத்தை ஒதுக்குவது எல்லாக் கவுன்சிலர்களும் உள்ள மாமன்றம். அப்புறம் பக்கத்துத் தெரு. அங்கிருந்து யாரும் கூட்டத்துக்கு வரவில்லை. ஒரே கான்ட்ராக்டர், ஒரே வாரம், அங்கே மட்டும் சுரண்டாமல் மேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மழை வந்தால் தண்ணீர் நேராக வீட்டுக்குள்தான். கேட்டவர்களுக்கு ஒரு சாலை, கேட்காதவர்களுக்கு ஒரு சாலை என்றால் உத்தரவு எதற்கு?

5-க்கு 3. கவுன்சிலருக்கு மட்டும் தனியாகப் போடுவதாக இருந்தால் 4½. கணவருக்காக அரை மார்க் குறைத்தேன்.

போகிறவர்களுக்கு: "எங்களுக்கு எப்பவும் பிரச்சினைதான் மேடம்" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த இடம், எந்தத் தேதி, என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். போனில் எடுத்த போட்டோ ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பேசியது மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், சொல்லத் தயங்க வேண்டாம். நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பக்கத்துத் தெரு சாலைக்காக நான் ஒன்று போட்டிருக்கிறேன். அந்தத் தெருக்காரர்கள் அடுத்த கூட்டத்துக்காவது ஒரு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தால் நல்லது. டீ சுமார்தான், மசால் வடை சூடாக இருக்கும்.