சின்ட்ரெல்லாவா, வடசேரி பஸ்ஸா?

கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத சின்ட்ரெல்லா கதையை எடுப்பதா, தன் அன்றாடத்தையே எழுதுவதா என்று நாகர்கோவிலில் படிக்கும் தங்கை கேட்டாள். ஆழமான பொருள் எதில் கிடைக்கும் என்பதுதான் அவளுடைய குழப்பம்.

கிடைக்கும் இடம்:
கதை நூலகத்தில்.
அன்றாடம் வடசேரி பஸ் ஸ்டாண்டில், காலை நெரிசலில்.

உழைப்பு:
கதைக்கு இரண்டு வடிவங்களையாவது படிக்க வேண்டும்.
அன்றாடத்துக்கு ஒரு நோட்டும் ஒரு வாரப் பொறுமையும் போதும்.

ஆழம்:
1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ வெளியிட்ட கதையில் கண்ணாடிச் செருப்பு. தன்னைக் கொடுமைப்படுத்திய மாற்றாந்தாயின் மகள்களை சின்ட்ரெல்லா மன்னித்துவிடுகிறாள். 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தந்ததில் தங்கச் செருப்பு. அதற்குள் காலை நுழைக்க அந்த மகள்களில் ஒருத்தி தன் கால்விரலை வெட்டுகிறாள், இன்னொருத்தி குதிகாலை. யாரோ வைத்த அளவுக்காகத் தன்னையே வெட்டிக்கொள்வது! வீட்டார் சொல்லுக்காகப் பிடித்த பாடத்தைக் கைவிட்ட பிள்ளைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.
அன்றாடத்தின் ஆழம் உடனே தெரியாது. முதல் வகுப்பில் தூங்கி வழிகிற குலசேகரத்துப் பையன், விடியுமுன் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்தவனாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

நிலைப்பு:
கதை 300 ஆண்டு தாண்டிவிட்டது.
அன்றாடம், எழுதி வைக்காவிட்டால் மறுநாளே மறந்துபோகும்.

சொந்த வலியை நேராகச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்குக் கதை நல்ல மறைவு. கவனித்துக் கேட்கப் பொறுமை உள்ளவர்களுக்கு அன்றாடம். தங்கையிடம் பஸ்ஸையே எழுதச் சொன்னேன். அவளுக்குக் காது கூர்மை.