கேரவனோடு கடலோரம்: கார்ன்வாலா, ஸ்காட்லாந்தின் வடகரையா?

காரின் பின்னால் கேரவனை, அதாவது படுத்துத் தங்கும் வசதியுள்ள இழுவை வண்டியை, மாட்டிக்கொண்டு பிரிட்டனின் கடலோரம் சுற்ற நினைப்பவர்கள் முன் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். ஒன்று தென்மேற்கிலுள்ள கார்ன்வால். மற்றொன்று ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றிவரும் ‘நார்த் கோஸ்ட் 500’ என்ற சாலைப் பாதை. அழகில் இரண்டும் சளைத்தவை அல்ல. கேரவன் எங்கே நிற்கும் என்பதே என் முதல் கேள்வி.

கார்ன்வாலில் ஊர்கள் நெருக்கமானவை. மௌசலையும் செயின்ட் ஐவ்ஸையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் அவை மீன்பிடித்துப் பிழைத்த ஊர்கள். சந்து சந்தாகத் துறைமுகத்தை நோக்கிச் சரிகிற தெருக்கள். பொல்பெரோவில் காரையே மேட்டில் விட்டுவிட்டு நடந்துதான் இறங்க வேண்டும். ஆகவே கேரவன் ஒரு வாரம் முகாம் திடலிலேயே கிடக்கும். நாம் பஸ்ஸில் போய்வருவோம். சிறு குழந்தைகள் இருந்தால் அதுவே வசதி.

வடகரைப் பாதை இன்வெர்னஸில் தொடங்கி அங்கேயே முடியும் 516 மைல் சுற்று. பல மைல்களுக்கு ஒற்றை வண்டி மட்டுமே போகும் சாலை. ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்கு ஏறும் ‘மாடுகளின் கணவாய்’ 626 மீட்டர் உயரம். கேரவன் வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அதை மீறாதீர்கள், கணவாயை விட்டுவிட்டு நேரே ஷீல்டெய்க் கிராமத்துக்குப் போங்கள். எதிர்வண்டிக்கு வழிவிட வெட்டியிருக்கும் ஒதுங்குமிடங்களில் வண்டியை நிறுத்திச் சாப்பிடவும் கூடாது. நம் பின்னால் வருபவர் வேலைக்கோ மருத்துவரிடமோ போகும் உள்ளூர்க்காரராக இருக்கலாம். ஒதுங்கி வழிவிட்டால், கடந்து போகும்போது ஸ்டீயரிங்கிலிருந்து கையை லேசாக உயர்த்திக் காட்டுவார்கள். அந்தச் சின்ன நன்றிக்காகவே அந்தச் சாலை எனக்குப் பிடிக்கும்.

இத்தனை சிரமத்துக்கும் பலன் உண்டு. 1788-இல் ஹெர்ரிங் மீன்பிடிப்புக்காகத் திட்டமிட்டு எழுப்பிய அல்லாப்பூலில், முகாம் திடல் ஊரை ஒட்டியே இருக்கிறது. கேரவனிலிருந்து இறங்கி நடந்தால் வெள்ளை வீடுகளின் வரிசை. அதன் முன்னே லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயிலிருந்து வந்து சேரும் கப்பல். டர்னஸில் திடலே பாறை விளிம்பில்தான். கீழே வெளிர்மணல், அலைகளுக்கு நடுவே கரும்பாறைகள்.

கேரவனோடு என்றால் நான் வடக்கைத்தான் சொல்வேன். மே மாதத்தில் போங்கள். கோடை முற்றினால், காற்று ஓய்ந்த மாலைகளில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சிகள் வெளியே உட்கார விடாது. மே இறுதியில் இரவு பத்து மணிக்கும் டர்னஸ் கடல்மேல் வெளிச்சம் இருக்கும்.