மாதம் ஒரு ராகம்: ஐந்து வருடம் கேட்டுப் பார்த்த அனுபவம்

காங்கேயம் பக்கம் எங்களுக்கு ஒரு தேங்காய்க் களம். தேங்காயை உடைத்து, வெயிலில் காயவைத்து, தொட்டியிலிருந்து (சிரட்டையிலிருந்து) பருப்பைப் பிரித்தெடுக்கும் வேலை. கணக்குப் பார்ப்பது நான். 2020 ஊரடங்கில் லோடு வராமல் களம் காலியாகக் கிடந்த நாட்களில்தான் கர்நாடக சங்கீதம் கேட்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் யாரும் பாட்டுப் படித்தவர்கள் இல்லை. நோம்பி என்றாலும் கல்யாணம் என்றாலும் நாதஸ்வரம், தவில், அதோடு சரி. ஆனால் சாமி புறப்படும்போது அந்த நாதஸ்வரத்தைக் கேட்டால் ஏன் தொண்டை அடைக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சின்ன வயதிலிருந்தே ஆசை.

முதலில் ஒரு இணைய வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். முதல் பாடமே 72 மேளகர்த்தா, அதாவது தாய் ராகங்களின் அட்டவணை. கனகாங்கி, ரத்னாங்கி என்று மனப்பாடம் செய்தேன். இரண்டு வாரத்தில் பெயர்கள் ஏறின, பாட்டைப் போட்டால் எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது. நிறுத்திவிட்டேன். பாடப் போகிறவருக்கு அந்த அட்டவணை வேண்டும்தான். கேட்க வந்தவருக்கு அதை முதல் நாளே கொடுப்பது, பந்தியில் உட்கார்ந்தவருக்கு இலை போடாமல் மளிகைச் சீட்டைப் படித்துக் காட்டுகிற மாதிரி.

அப்புறம் நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். மாதம் முழுக்க ஒரே ராகம். அந்த ராகத்தில் நாலைந்து ஒலிப்பதிவு போதும்: ஒன்று வாய்ப்பாட்டு, ஒன்று வயலின் அல்லது புல்லாங்குழல், ஒன்று நாதஸ்வரம். எல்லாவற்றையும் மெமரி கார்டில் ஏற்றி, வேலை மறுபடி ஆரம்பித்ததிலிருந்து தினமும் காலை இரண்டு மணி நேரம் களத்தில் ஓடவிடுவேன். ராகத்தின் பெயரை யாரிடமும் சொல்வதில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்று காதில் பட்டதை ஒரு வரி எழுதுவேன். ஐந்து வருடத்தில் 26 ராகம் கேட்டிருக்கிறோம். சில ராகம் ஒரு மாதத்தில் பிடிபடாது. தோடிக்கு நான்கு மாதம் பிடித்தது.

முதல் மாதம் மோகனம். ச ரி க ப த, ஐந்தே சுரம். அடுத்த மாதம் ஹம்சத்வனியைப் போட்டேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பருப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, இது போன மாசத்துப் பாட்டுங்களா?”

“இல்லீங்க பெரிம்மா, இது வேறைங்க.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார். “ஆமாங்க. அது மேல போனா நல்லா உக்காந்துக்குது. இது உக்காராம எட்டி எட்டிப் பாக்குதுங்க.”

அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஹம்சத்வனி ச ரி க ப நி. மோகனத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம், தைவதத்துக்கு (த) பதிலாக நிஷாதம் (நி). அதுவும் காகலி நிஷாதம் என்கிற உயர்ந்த நி, மேல் சட்ஜத்தை (ச) ஒட்டியே நிற்பது. அதைத்தான் அவர் ‘எட்டிப் பார்க்குது’ என்கிறார். முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் உண்டாக்கிய ராகம் அது. சுரத்தின் பெயரே தெரியாத ஒருவர் சுரம் மாறின இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டார். பெயரைப் பிறகு சொன்னேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

இதே முறையில் சங்கராபரணத்தையும் கல்யாணியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஏழு சுரத்தில் மத்யமம் (ம) ஒன்றுதான் வேறு. சங்கராபரணம் ஓடிய மாதம் கொடுமுடிக்குப் போயிருந்தோம். சுந்தரர் அங்கே பாடிய நமச்சிவாயப் பதிகத்தின் பண் (தேவார காலத்து ராகம்) பழம்பஞ்சுரம், இன்று ஓதுவார்கள் அதைச் சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். சன்னதியில் அந்தப் பதிகம் எழுந்தபோது, காலையில் களத்தில் கேட்ட ராகம் இது என்று எனக்குத் தானாகவே தெரிந்தது. கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரும் அதுதான். ஓங்கி எடுத்தாலும் சொல் சிதையாத குரல். புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் அவரைத்தான் முதலில் போடுவேன், வார்த்தை புரிந்தால் பாதி பயம் போய்விடும்.

மொழியைப் பற்றி எனக்கிருந்த எண்ணமும் மாறியது. தியாகராஜர் பாடல்கள் பெரும்பாலும் தெலுங்கு, நம்மவர்களுக்குப் புரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கொங்கு நாட்டில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் எத்தனை! எங்கள் களத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு தங்கச்சி, “நன்னுன்னா என்னையங்க்கா, எந்துக்குன்னா எதுக்குன்னு அர்த்தம்” என்று வரி வரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். வீட்டில் பேசுகிற மொழியை நாலு பேர் முன்னால் சொல்லவே கூச்சப்பட்டவள் அவள்.

பாட்டுக் கேட்கிற கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வருடம் உள்ளங்கை அளவு புளூடூத் பெட்டி ஒன்றில் கேட்டோம். குரல் தெளிவாக வரும், ஆனால் மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை மட்டும்தான் கேட்கும், இடப்பக்கமான தொப்பி கேட்காது. அந்த இடப்பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவதே அடிக்குரல் வருவதற்காகத்தான், சின்னப் பெட்டியில் அது மொத்தமும் போய்விடுகிறது. தம்புராவும் அப்படித்தான். பாட்டு எதன் மேல் நிற்கிறதோ அந்த ஓசையே இல்லாமல் ஒரு வருடம் கேட்டிருக்கிறோம். பிறகு பழைய பெரிய பெட்டி ஒன்று வாங்கினேன், அதே பாட்டு வேறு பாட்டாக இருந்தது. போனில் கேட்கிறவர்கள் சாதாரண ஒயர் இயர்போனாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டு வழியாக ராகத்தைக் காட்டும் வழியும் முயன்று பார்த்தேன். ஒரு வாரம் உற்சாகமாக இருக்கும். அப்புறம் எல்லாரும் அந்தப் பாட்டைத்தான் தேடுகிறார்கள், ராகத்தைத் தேடுவதில்லை. நடுவில் வேறு சுரமும் கலந்துவரும். கதவைத் திறக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நேரில் கச்சேரி கேட்கக் கோவைக்குப் போனது மூன்றாம் வருடம். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்கு வகுத்த வரிசைதான் இன்றைக்கும்: வர்ணம், சின்னச் சின்ன கீர்த்தனைகள், நடுவில் விரிவான ஒன்று, தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள், மங்களம். முன்வரிசையில் ஒருவர் நான் தாளம் போடுவதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன், அடுத்த அரை மணி நேரம் ஒன்றும் காதில் ஏறவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் அப்படி நடந்துகொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தப்பாகத் தட்டினாலும் தட்டட்டும், தட்டத் தட்டத்தானே கை சரியாகும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்துவிட்டார்கள். நான் மடிக்குள்ளேயே ஆதி தாளம் எண்ணினேன்: ஒரு தட்டு, மூன்று விரல், தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. எட்டு எண்ணிக்கை. மிருதங்கம் எங்கெங்கோ போய்விட்டு, நான் எண்ணிவந்த அதே எட்டில் வந்து சேர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தொடங்குகிறவர்கள் மோகனம், ஹம்சத்வனி, ஹிந்தோளம் என்று ஐந்து சுர ராகங்களில் தொடங்குங்கள். மாதம் பாதி தாண்டும்வரை ஆலாபனையை (வரிகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவதை) நீளமாகப் போடாதீர்கள், முதலில் கீர்த்தனை காதில் பழகட்டும். சலிப்பு பத்தாம் நாள் வாக்கில் வரும். அதிலிருந்து ஒரு மூன்று நாளைத் தாண்டிவிட்டால் போதும்.

இந்த மாதம் ஆனந்தபைரவி ஓடுகிறது. பெரியம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று மட்டும் வேலை முடிந்து கூலி வாங்கும்போது, “நாளைக்கும் இதையே போடுங்க அம்மிணி” என்றார்.