ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே ஆறு வருடம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடி அறை கட்டப்போகும் நண்பர், "உங்க வீட்டு மாதிரியே சுவரிலும் கூரையிலும் காற்று இடைவெளி விட்டுக் கட்டலாமா?" என்று கேட்டார். போன வாரம்தான் ஓட்டைப் பிரித்து வேலை பார்த்திருந்தோம். அந்தக் கோபத்திலேயே பதில் சொல்லிவிட்டேன்.

சுவரில் எனக்குக் குறையே இல்லை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு. செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி அடுக்குவதால் 9 அங்குலச் சுவருக்குள் கிட்டத்தட்ட 3 அங்குலம் காலியாக இருக்கும். அந்தக் காற்று அசையாமல் அடைபட்டுக் கிடப்பதுதான் பலம். சாயங்காலம் மேற்குச் சுவரில் கை வைத்தாலும் சுடாது. ஆணி மட்டும் இடம் பார்த்து அடிக்க வேண்டும்.

கூரை அப்படியல்ல. மேலே மங்களூர் ஓடு, கீழே சிமென்ட் போர்டு சீலிங், நடுவே 4 அங்குலம். இங்கே காற்று நகர வேண்டும். கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்தில் நுழைந்து, சூடாகி மேலேறி, முகடு வழியாக வெளியேற வேண்டும். கொத்தனார் வழக்கப்படி முகட்டைக் கலவையால் அடைத்துவிட்டார். மழைக்கு நல்லது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு கத்திரி வெயிலுக்கு ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் அனலடித்தது.

மூன்றாம் வருடம் முகட்டைத் திறந்து, மழை இறங்காதபடி மேலே தகடு மடித்துப் போட்டோம். ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள், பளபளப்பு கீழே பார்க்க. மேலே பார்த்தால் தூசி படிந்து வீணாகிவிடும். ஓட்டுச் சூட்டில் பெரும்பங்கு கதிராக இறங்குவது, அதைக் காற்றோட்டம் மட்டும் தடுக்காது. அந்த மே மாதம் மத்தியானம் அந்த அறையில் படுத்துத் தூங்கினேன். அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அப்புறம் வந்தது அணில். இறவாரத்து பிளாஸ்டிக் வலையைக் கடித்து நுழைந்து, தேங்காய் நாரும் பஞ்சும் திணித்துக் கூடு கட்டியது. ஸ்டீல் வலை போட்டால் குளவி மண்ணப்பி அடைக்கிறது. கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறை கொதிக்கும்போதுதான் தெரியும். ஓட்டைப் பிரித்துச் சுத்தம் செய்வது இது மூன்றாவது முறை. ஒவ்வொரு தடவையும் ஓடு நாலைந்து உடைகிறது, ஆள் கூலி வேறு. வலையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி முதலிலேயே வைத்துத் தர யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

கான்கிரீட் தளமாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் சம்மதிக்க மாட்டேன். ஆனால் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவர் கூரையை உரசிக்கொண்டு இரண்டு கொய்யா மரம் நிற்கிறது.