பத்து அங்குலச் சிவப்பு ரப்பர் பந்து: கிக்பால் ஆடுவோருக்கான மதிப்புரை

பேஸ்பாலைப் போலவே, ஆனால் பந்தைக் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் கிக்பால். அமெரிக்காவில் வயது வந்தோருக்கான கிக்பால் லீக்குகளில் புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் காலணியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பது பந்து. பள்ளி மைதானங்களில் புழங்கும் 8.5 அங்குலப் பந்தை விட்டுவிட்டு, லீக்குகள் ஏற்கும் 10 அங்குல விட்டமுள்ள ரப்பர் பந்தையே வாங்குங்கள்.

கிக்பாலில் மட்டை கிடையாது. பிட்சர் (எதிரணியின் பந்து வீசுபவர்) தரையோடு உருட்டிவிடும் பந்தை உதைத்துவிட்டு, 60 அடி இடைவெளியில் அமைந்த பேஸ்களை, அதாவது முதல் பேஸில் தொடங்கி வரிசையாகத் தொட வேண்டிய இடங்களை, நோக்கி ஓட வேண்டும். பேஸை அடைவதற்குள் ஓடுபவர் மீது பந்தை எறிந்தும் அவரை அவுட் ஆக்கலாம் என்பது பேஸ்பாலில் இல்லாத விதி. ஆகவே பந்து, உடலில் பட்டால் வலிக்காத அளவுக்கு மென்மையாகவும், ஒரு கையால் குறிபார்த்து எறியும் அளவுக்குப் பிடிமானத்தோடும் இருக்க வேண்டும். இந்தப் பந்தின் சொரசொரப்பான மேற்பரப்பு இரண்டாவது தேவையை நன்றாகவே நிறைவேற்றுகிறது; பிட்சர் விரல்களால் சுழற்றி உருட்டும்போது பந்து வளைந்து வருவதும் அதனால்தான்.

காற்றழுத்தத்தில்தான் கவனம் தேவை. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 1.5 பவுண்டு போதும். அதற்கு மேல் அடைத்தால், பந்து உதைத்தவுடன் வெகுதூரம் பறந்தாலும், உயரே எழும் பந்து எதிரணியின் கைக்குப் போய்ச் சேரவும் வாய்ப்புண்டு. அனுபவமுள்ள அணிகள் வலிமையை நம்புவதில்லை. மூன்றாம் பேஸ் பக்கமாக மெல்லத் தட்டிவிட்டால், முதல் பேஸுக்கு நெடுந்தூரம் எறிய வேண்டிய நெருக்கடி எதிரணிக்கு வந்துவிடுகிறது. அளவாகக் காற்றடைத்த பந்து இந்தத் தட்டலுக்கு அழகாக ஒத்துழைக்கிறது. களத்தடுப்பில் நிற்பவர்கள் அதை விரல்களால் பிடிக்க முயலாமல் நெஞ்சோடு அணைத்துக்கொள்வது நல்லது.

ஏறத்தாழ 1917இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகர விளையாட்டு மைதானங்களில் சிறுவர்களுக்காக உருவான இந்த ஆட்டம், 1998இல் வாஷிங்டனில் தொடங்கப்பட்ட உலக வயதுவந்தோர் கிக்பால் சங்கம் போன்ற அமைப்புகளால் பெரியவர்களிடம் பரவியது. ஆண்களும் பெண்களும் ஒரே அணியில், நீண்ட பயிற்சியின்றி ஆட முடிவதே அதன் பெரும் ஈர்ப்பு என்று உறுதியாக நம்புகிறேன். புதியவரையும் அச்சமின்றி உதைக்க வைக்கும் இந்தப் பந்துக்கும் அதில் பங்குண்டு.

குறை ஒன்றுண்டு: வால்வு வழியே காற்று மெல்லக் குறைகிறது. கைப்பம்பையும் அழுத்தமானியையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.